மௌனம் காத்தார்: ஆம்

ஆறு மணி நேரம் பட்டினியாக வந்து உட்கார்ந்திருப்பவர்களின் வாயிலிருந்து ஒரு வாடை வரும். புளித்த வாடை. அதோடு பயமும் கலந்திருக்கும். பதினான்கு வருடமாக அதை முகர்ந்துகொண்டேதான் வேலை பார்க்கிறேன். ஒரு நாளும் குமட்டியதில்லை. என்னைக் குமட்ட வைத்தவர் என் அக்கா புருஷன். அதற்கு அப்புறம் நானே என்னைக் குமட்ட வைத்துக்கொண்டேன்.

நான் ஸ்கேன் டெக்னீஷியன். எங்களுடையது பெட் சிடி, அதாவது இரண்டு மெஷின்களை ஒரே குழாய்க்குள் சேர்த்து வைத்தது. சிடி உடம்பின் உள்ளமைப்பைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். எலும்பு எங்கே, தசை எங்கே, கட்டி எங்கே என்று தெரியும். பெட் எந்த இடம் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்கிறது என்பதை நிறமாகக் காட்டும். புற்றுநோய்க்குச் சர்க்கரைப் பசி ரொம்ப அதிகம். கதிர்வீச்சு கலந்த சர்க்கரை மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஊற விட்டு, இரண்டு படத்தையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வீட்டின் வரைபடமும் தெரியும், எந்த அறையில் அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும். நோய் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, மருந்துக்கு அடங்கியதா, திரும்ப வந்துவிட்டதா எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

ஆனால் அந்தச் சர்க்கரை நோயைத் தேடிக்கொண்டு போவதில்லை. உழைக்கிற இடத்துக்கெல்லாம் போகும். ஊசிக்குப் பிறகு எதையாவது மென்றால் தாடை நிறம் காட்டும். குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பு நிறம் காட்டும். பேசினால் குரல்நாண் நிறம் காட்டும். அதனால்தான் ஊசி போட்டதும் ஒவ்வொருவரையும் தனி அறையில் சாய்வு நாற்காலியில் போட்டு, போர்வை போர்த்தி, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவோம். அவர்கள் உடம்பே அப்போது கதிர் விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் நாங்கள் உள்ளே போவதில்லை. கண்ணுக்கு கேமரா, காதுக்கு ஸ்பீக்கர். என் மேஜையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் நான் பேசுவது அறைக்குள் கேட்கும். அவர்கள் பேசினால் எனக்குக் கேட்கும்.

இதற்கெல்லாம் ஒரு படிவம் உண்டு. பட்டினி இருந்தார், ஆம், இல்லை. போர்வை தரப்பட்டது, ஆம், இல்லை. மௌனம் காத்தார், ஆம், இல்லை. படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மா அந்தப் படிவத்தை நம்பித்தான் எழுதுவார். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? காலையில் காபி குடித்துக்கொண்டே அன்றைக்கு வரப்போகிற எல்லாருடைய படிவத்திலும் மொத்தமாக ஆம், ஆம், ஆம் என்று டிக் அடித்து வைத்துவிடுவோம். ஆள் வருவதற்கு முன்பே! யார் ஆரம்பித்தது என்று தெரியாது. எனக்கு முந்தியவர் செய்தார், நானும் செய்தேன். கர்மம், அதில் ஒரு தப்பு இருப்பதாகக்கூடத் தோன்றவில்லை.

இப்போது மாமா. அக்காவின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவருக்குப் பெயர் மைக்செட். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற வேலை. மைக் இல்லாமலே மூன்று வரிசை தள்ளி நிற்பவனுக்கும் காது கிழியும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அக்கா மேல் ஒரு விரல் வைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எதற்கு விரல்? வாய் போதுமே. சாப்பாடு ஆறியிருந்தால் திட்டு, சூடாக இருந்தால் திட்டு, பேசினால் திட்டு, பேசாவிட்டால் ஊமைக் கோட்டான் என்று திட்டு. "ஏய் மாடு" என்பதுதான் அக்காவுக்கு அவர் வைத்த பெயர். அக்கா திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த மனுஷனுக்குத்தான் தொண்டையில் வந்தது. இடது குரல்நாணில். ஏழு வாரம் கதிர் சிகிச்சை நடந்தது. அக்கா தையல் வேலையை விட்டுவிட்டு தினமும் கூடவே வந்தாள். கதிர் பட்டு அந்தப் பக்கம் விறைத்துப் போனாலும் மீதிக் குரலை வைத்துக்கொண்டு கரகரவென்று திட்டிக்கொண்டேதான் இருந்தார். மூன்று மாதம் கழித்து, நோய் அடங்கியதா என்று பார்க்க எங்களிடம் அனுப்பினார்கள். அடங்கியிருந்தால் குரல் தப்பும். இல்லையென்றால் குரல்வளையையே எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைப்பார்கள்.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஸ்கேன் எடுப்பதில்லை. அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்க்கிறவர் லீவு. வேறு வழியில்லை.

காத்திருக்கும் அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டேன். அக்கா ஃபைலில் தேடினாள். தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தவள்தான், பதற்றத்தில் ஒரு தாளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். உப்புப் பெறாத விஷயம்.

"மாடே! ஒரு பேப்பர் எடுத்துக் கொடுக்கத் துப்பில்ல உனக்கு. உன்னக் கட்டிக்கிட்டதாலதான்டி எனக்கு இந்த வியாதியே வந்துச்சு!"

ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா சரியான தாளை எடுத்து நீட்டிவிட்டு, அவருடைய செருப்பை நாற்காலிக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். த்தூ, என்ன மனுஷன்!

ஊசி போட்டு அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். கேமராவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"மாமா, நாலு பேர் முன்னாடி அவளை அப்படிப் பேசுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

அவர் கண்ணைத் திறந்தார். "உன் வேலை எதுவோ அதப் பாரு, சின்னவளே."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் கோபம், எங்கே விட்டேன்? அவர் அசைய முடியாது, எழுந்து போக முடியாது, கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. இப்படி ஒரு வசதி எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் சும்மா இருப்பாரா? கழுத்து நரம்பு புடைக்க, ஸ்பீக்கர் அதிர, என் அம்மா வளர்த்த லட்சணத்திலிருந்து ஆரம்பித்து என் சம்பளம் வரைக்கும் வந்தார். இருபத்தைந்து நிமிடம். என் அறைக் கதவும் கனமான கதவு, வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு மனசு குளிர்ந்திருந்தது.

மெஷினில் படுக்க வைத்தேன். சிடி சில நொடிகளில் முடிந்தது. பெட் நிதானமாகக் கட்டம் கட்டமாக நகர்ந்தது. மூளை பிரகாசமாக வந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அப்புறம் கழுத்து. சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தில் தீயாக எரிந்துகொண்டிருந்த இடது குரல்நாண் அணைந்து கிடந்தது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். அதற்குள் வலது பக்கம் தெரிந்தது. சுத்தமாக இருந்த அந்தப் பக்கத்தில் கொழுத்த துளியாக ஒரு நிறம்.

பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது நாண் விறைத்துக் கிடக்கிறது. இருபத்தைந்து நிமிடக் கத்தலையும் வலது நாண் ஒற்றை ஆளாக இழுத்திருக்கிறது. உழைத்த தசை சர்க்கரையைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். அடியில் சிடியில் அந்த இடத்தில் கட்டி எதுவும் இல்லை, நிறம் தசையின் கோட்டிலேயே படுத்திருக்கிறது. இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

படிவத்தை எடுத்தேன். மௌனம் காத்தார், ஆம். காலையில் காபியோடு நான் அடித்த டிக். அடித்துத் திருத்தி 'இல்லை' என்று போட ஒரு நொடி ஆகும். திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். யாரோடு பேசினார் என்று கேட்பார்கள். அப்படியே படத்தோடு சேர்த்து உள்ளே அனுப்பிவிட்டேன்.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்தக் குரல் போனால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. சீ! சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனால் இருந்தது.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா மேல் தப்பே இல்லை. 'ஓய்வு நேரத்தில் நோயாளி பேசவில்லை எனப் பதிவு' என்று என் டிக்கை அப்படியே எடுத்து எழுதி, அதனால் வலது பக்க நிறத்தை நோய் பரவியதாகவே சந்தேகிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். கத்தி டாக்டர், அதுதான் ஆபரேஷன் செய்கிறவர், குழாய் விட்டுப் பார்த்தார். கதிர் பட்ட தொண்டை முழுக்க வீங்கிச் சிவந்திருந்ததில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. கதிர் பட்ட சதையில் சோதனைக்குத் துண்டு எடுத்தால் புண் ஆறாது, எடுத்த துண்டில் நோய் இல்லை என்றாலும் நம்ப முடியாது, குரல்வளையை எடுப்பதுதான் பத்திரம் என்றார். வியாழக்கிழமை எல்லா டாக்டர்களும் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று நாளாக ஒரு வாய்ச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அங்கே சமையலறையில் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்டது.

"என்னக்கா, பாட்டு?"

"வாடி. மூணு நாளா அவர் பேசுறதே இல்ல. பேசினா வியாதி ஏறிடும்னு பயம். ஆபரேஷனுக்கு அப்புறம் எழுதித்தான் காட்டணுமாம், ஒரு பலகை கொடுத்திருக்காங்க. அதுல எழுதிப் பழகுறார்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்ல கடிகாரம் சத்தம் போடும்னே எனக்கு இப்பத்தான்டி தெரியும்."

நான் கொட்டிவிட்டேன். பொத்தான், சண்டை, இருபத்தைந்து நிமிடம், டிக், எல்லாவற்றையும். "அது வியாதி இல்லக்கா. நான் பேச வெச்சதுதான்."

கத்தி நின்றது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பீன்ஸைப் பார்த்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

கடிகாரம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "சொல்லித்தான் ஆகணுமா?" என்றாள்.

எறும்பை மிதிக்காமல் சுற்றிப் போகிறவள் என் அக்கா. ஒரு மனுஷன் தொண்டையை அறுக்கலாமா என்று அவளை இப்படி யோசிக்க வைத்தவள் நான். என் அழுக்கை அவள் கையிலும் பூசிவிட்டேன். அந்தச் சமையலறைத் தொட்டியிலேயே வாந்தி எடுத்துவிடுவேன் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா வாசற்படியில் வந்து நின்றார். முகம் வற்றி, கண் உள்ளே போயிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. கையில் வெள்ளைப் பலகை. மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்து எடுத்து, கிறீச் கிறீச்சென்று எழுதி, அக்கா முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

'காபி எங்கே மாடு.'

அக்கா படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தாள். அவர் அவசரமாக உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'கண்ணும் அவிஞ்சு போச்சா.' எழுத்துப் பிழைகூட இல்லை. பலகையை ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நடுவில் அது அழுகையாகவும் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எழுதியே திட்டுறாருடி! இதுக்கு எதுக்கு அறுக்கணும்?"

அவள் விட்ட பீன்ஸை நான் எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

"போய்ச் சொல்லு. நாளைக்குக் காலையிலயே சொல்லிடு." காபிக்குப் பால் வைத்தாள். "கழுத்துல ஓட்டையோட இருக்கிற மனுஷனை விட்டுட்டு நான் எங்கடி போக முடியும்? ஆயுசுக்கும் அந்த ஓட்டையைத் துடைச்சுக்கிட்டு இந்தப் பலகையைப் படிச்சுக்கிட்டுக் கிடக்கணும். நல்லா இருந்தார்னா..." மீதியை அவள் சொல்லவில்லை. அப்போது எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

வியாழக்கிழமை கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். பூசி மெழுகவில்லை. டாக்டரம்மா படத்தை மறுபடி திறந்து, நிறத்தை நீக்கிவிட்டு சிடியை மட்டும் பார்த்தார், நிறத்தைச் சேர்த்துப் பார்த்தார், மறுபடி நீக்கினார். கத்தி டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். செருப்பின் அடியில் ஒட்டியதைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"பேசினார்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை எடுங்கன்னு எழுதியிருப்பேன். இதுவரைக்கும் நீங்க போட்ட டிக்குல எதையெல்லாம் நான் நம்பறது?" என்று கேட்டார் டாக்டரம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

காலையில் காபியோடு போட்டவை எத்தனை ஆயிரம்? அதில் எத்தனை பேர் போனில் பேசினார்கள், எத்தனை பேர் குளிரில் நடுங்கினார்கள்? எத்தனை பேருக்கு வீணாக இன்னொரு சுற்று மருந்து போயிற்று? ஒரு வருடத்துப் படிவங்களையும் படங்களையும் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். என்னை அந்தத் தளத்திலிருந்தே தூக்கி, கை கால் எலும்பு எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு மாற்றினார்கள். விசாரணை முடிந்ததும் அந்த வேலையாவது மிஞ்சுமா என்று தெரியவில்லை. நியாயம்தான்.

பத்து நாள் கழித்து மாமாவுக்கு மறுபடியும் ஸ்கேன். இந்த முறை கூட வேலை பார்க்கிறவர் எடுத்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மாமாவின் பலகையைக்கூட வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தார் என்று சொன்னார்கள். நானும் அக்காவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் ஃபைல், காலடியில் அவர் செருப்பு, பக்கத்தில் இரண்டு பைகள். எதற்கு இரண்டு பை என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கு மெஷின் அறையை ஒட்டிய திரைமுன் உட்கார்ந்து உடனுக்குடன் படம் பார்த்தார். வெளியே வந்து என்னைப் பார்க்காமல் அக்காவிடம் மட்டும் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும்மா. போன தடவை தெரிஞ்ச நிறம் இப்ப துளிகூட இல்ல. குரல்வளையில கை வைக்க வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போனா போதும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நிஜமாகவே கும்பிட்டாள், கண் கலங்கியிருந்தது. டாக்டரம்மா போனதும் பலகையையும் ஃபைலையும் என் மடியில் வைத்தாள்.

"தேதி வாரியா அடுக்கியிருக்கு. மாத்திரை இந்தப் பையில, எது காலையில எது ராத்திரின்னு எழுதி ஒட்டியிருக்கேன். படிப்பார், நல்லாப் படிக்கத் தெரியும்." இன்னொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தையல் யூனிட்ல மறுபடி சேர்த்துக்கிறாங்க. மேல ஒரு ரூம் இருக்கு. பேசி வெச்சுட்டேன்."

"அக்கா..."

"நோயாளியை நடுவுல விட்டுட்டுப் போனான்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?"

என்னிடம் பதிலை எதிர்பார்க்காமல் நடந்தாள். நடைபாதை முடிவில் லிஃப்டுக்காகக்கூட நிற்கவில்லை, படியில் இறங்கிவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமா வெறுங்காலோடு வெளியே வந்தார். சுத்தமாகிவிட்டது என்று உள்ளேயே சொல்லியிருக்கிறார்கள், முகம் முழுக்க வெளிச்சம். வேலையைப் பணயம் வைத்து நான் காப்பாற்றிக் கொடுத்த குரல் முதலில் என்ன பேசப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய் மாடு! எங்க போய்த் தொலைஞ்சே? செருப்பு எங்கடி?"

கரகரப்புகூடக் குறைந்திருந்தது. நடைபாதையில் பட்டினியோடு உட்கார்ந்திருந்த எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

"உங்க அக்கா எங்க?"

"போயிட்டா மாமா."

"எங்க?"

"தெரியாது," என்றேன். "ஒரு மணி நேரம் முடிஞ்சு போச்சு. இனி நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

ஃபைலையும் பையையும் பலகையையும் அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் புரியவில்லை. என்னைத் தாண்டி, காலி நாற்காலியைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. செருப்பு அந்த நாற்காலிக்கு அடியில்தான் இருந்தது.